தண்ணி போற வழி: தீயணைப்பு வண்டி மாடல்கள் பற்றிச் சில குறிப்புகள்

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விமானம், டாங்கி, ரேஸ் கார் என்று போய்விடுவார்கள். தீயணைப்பு வண்டி பக்கம் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வந்தவங்க அவ்வளவு லேசில் வெளியே போறதில்லை. காரில் பார்ப்பதற்கு உள்ள சங்கதியெல்லாம் பானெட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். தீயணைப்பு வண்டியில் எல்லாமே வெளியே: வால்வு, கைப்பிடி, மீட்டர், ஏணி, ஹோஸ், கோடாலி, விளக்கு, மணி, சைரன். எங்கே தொட்டாலும் செய்வதற்கு வேலை இருக்கும்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்குது. காலி இடம் கண்ணில் பட்டால் ஒரு பித்தளைக் குமிழ், இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் ஒரு மீட்டர், பின்னால் ஒரு சுருள் குழாய் என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். முடித்துப் பார்த்தால் ரிசப்ஷன் மேடை மாதிரி ஜொலிக்கும். ஆனால் ஏதோ ஒன்று இடிக்கும், என்னன்னு சொல்லத் தெரியாது. இப்படிப்பட்ட மாடல்களின் படங்களை நிறையப் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: அந்த வண்டியில் தண்ணி போவதற்கு வழியில்லை. ஐந்து வாய் இருக்கும், மூணு மீட்டர் இருக்கும், எட்டு கைப்பிடி இருக்கும். எது எதை இயக்குகிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

தீயணைப்பு வண்டி என்பது சக்கரம் வைத்த ஒரு பிளம்பிங் வேலை. தண்ணி எங்கே உள்ளே வருது, எங்கே தங்குது, எங்கே அழுத்தம் ஏறுது, எந்த வாய் வழியா வெளியே போகுது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் அந்த மாடலில் பாதி டீடெயில் தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

எந்த வண்டி, எந்த அளவு

உதாரணத்துக்கு ஒரு வண்டி வேண்டுமே. 1/25 அளவில் ஏஎம்டி கம்பெனி 1970-களில் கொண்டுவந்த அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் கிட்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பம்ப் வண்டி, லேடர் சீஃப் என்ற ஏணி வண்டி, ஏரோ சீஃப் என்ற மடக்குக்கை வண்டி என மூன்று வந்தன. பிற்காலத்தில் மறுபதிப்பும் ஆகியிருக்கின்றன. நிஜ வண்டியைச் செய்த அமெரிக்கன் லாஃப்ரான்ஸ், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் வளர்ந்த பழம்பெரும் கம்பெனி. 1980-களின் நடுவில் எல்மைரா தொழிற்சாலை மூடப்பட்டது, 2014-ல் கம்பெனியே கடையைக் கட்டியது. ஓடின வண்டிகளில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. ஒரு சின்ன ஊரின் வண்டி எப்படி இருந்தது என்பதற்கு மிச்சம் இருப்பது சில போட்டோக்களும், யாரோ ஒருத்தர் மேஜையில் கட்டி வைத்த மாடலும் மட்டும்தான் என்கிற நிலைமை பல இடங்களில் உண்டு. அதனால்தான் இந்த மாடல்களில் சரி, தப்பு பார்ப்பது வெறும் குறை கண்டுபிடிக்கும் வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

(மொழிப் பிரச்சினை ஒன்று. தண்ணி இறைக்கும் வண்டியையும் காரின் முன்பக்க இடிதாங்கியையும் தமிழில் எழுதினால் ரெண்டுமே பம்பர்தான். அதனால் இங்கே வண்டியை 'பம்ப் வண்டி' என்றே எழுதுகிறேன்.)

அமெரிக்காவில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே தீயணைப்பு வண்டி ஷோரூமில் வாங்குகிற சாமான் இல்லை. ஒவ்வொரு ஊரும் தன் தேவைக்கு எழுதிக் கொடுத்து ஆர்டர் பண்ணும். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனாலும் வால்வு இருக்கிற இடம் வேற, விளக்கு வேற, ஏணி மாட்டுகிற பக்கம் வேற. பெட்டியில் வருவது பொதுவான ஒரு வண்டி. நீங்கள் கட்டுவது ஒரு குறிப்பிட்ட ஊரின், குறிப்பிட்ட எண் கொண்ட வண்டி. சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறை இன்றைக்கும் மர ஏணிகளைத்தான் வைத்திருக்கிறது, தன் சொந்தப் பட்டறையிலேயே செய்தும் கொள்கிறது. அந்த ஊர் வண்டியைக் கட்டி அலுமினியம் நிறத்தில் ஏணி மாட்டினால் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். ஆகவே முதல் வேலை பசையை எடுப்பது இல்லை, போட்டோ சேர்ப்பது. இடது பக்கம், வலது பக்கம், பின்புறம், முடிந்தால் மேலிருந்து. நாலும் ஒரே வண்டியாக இருக்க வேண்டும்.

மூணு நிமிஷத் தண்ணி

சாதாரண அமெரிக்க பம்ப் வண்டியில் 500 கேலன் தொட்டி இருக்கும் என்று வையுங்கள். சுமார் 1,900 லிட்டர். கேட்க நிறைய மாதிரி தெரியும். ஒரு வீரர் வீட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டு போகிற ஒரே ஒரு ஹோஸ் நிமிஷத்துக்கு 150 கேலன் விடும். கணக்குப் போட்டால் மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறார், தொட்டி மூணு நிமிஷத்தில் காலி. அதற்குள் வெளியே இருக்கிறவர் ஹைட்ரன்ட்டில் இருந்து தண்ணி கொண்டுவந்து பம்புக்குக் கொடுத்தாக வேண்டும்.

இந்த மூணு நிமிஷம் புரிந்தால் வண்டியின் முகமே புரிந்துவிடும். பக்கவாட்டில் இருப்பதிலேயே பெரிய வாய் தண்ணி உள்ளே வருகிற வாய், வழக்கமாக 6 அங்குலம். நீண்ட காதுகள் வைத்த பெரிய மூடி போட்டிருக்கும், சுத்தியலால் தட்டிக் கழற்ற வசதியாக. வெளியே போகிற வாய்கள் சின்னவை, பெரும்பாலும் 2½ அங்குலம். நிறைய மாடல்களில் இந்த ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்துவிடுகிறார்கள். 1/25-ல் முதலாவது 6 மில்லிமீட்டர், ரெண்டாவது 2½ மில்லிமீட்டர். கண்ணுக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம்.

ஒரு வேடிக்கைக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூணும் இருபத்தைந்தில் ஒரு பங்கு ஆகும்போது கொள்ளளவு 15,625-ல் ஒரு பங்கு ஆகிவிடும். 1,900 லிட்டர் தொட்டி, மாடலில் சுமார் 120 மில்லி. ஒரு டம்ளர் காபி. அதை வெச்சு ஒரு வீட்டைக் காப்பாத்தணும்.

பம்ப் பேனல்

அமெரிக்க வண்டியில் பம்ப் பெரும்பாலும் நடுவில், கேபினுக்குப் பின்னால் இருக்கும். அதன் இடது பக்கம், அதாவது டிரைவர் பக்கம், நிற்கிற ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதுதான் பம்ப் பேனல். மாடலில் பார்க்கிறவர் கண் முதலில் போகிற இடம், கட்டுகிறவர் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்.

பேனலைச் செய்வதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொள்வது நல்லது. வெளியே போகிற வாய் எத்தனை? இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு, கேபினுக்குப் பின்னால் குறுக்கே மடித்து வைத்த ஹோஸ்களுக்கு ரெண்டு, மேலே நிலையான பீரங்கி நாசிலுக்கு ஒன்று, பின்புறம் ஒன்று. மொத்தம் எட்டு. அப்படியென்றால் பேனலில் எட்டு கைப்பிடி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மீட்டர் வேண்டும். கைப்பிடிக்குப் பக்கத்திலேயே அதன் மீட்டர் இருக்க வேண்டும், ஏனென்றால் ராத்திரி மூணு மணிக்கு, புகையில், சத்தத்தில், ஒரு கையால் வால்வை இழுத்துக்கொண்டே கண்ணால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டிய ஆள் அங்கே நிற்கிறார். புதிய வண்டிகளில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நிறம் கொடுத்து, வாய், கைப்பிடி, மீட்டர் மூணுக்கும் அதே நிறச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். உள்ளே நாசிலைப் பிடித்திருக்கிறவருக்கு எவ்வளவு தண்ணி கிடைக்கும் என்பது இந்த ஆள் சரியான கைப்பிடியை இழுக்கிறாரா என்பதைப் பொறுத்தது. வடிவமைப்பு முழுக்க அந்த ஒரு தப்பு நடக்காமல் இருப்பதற்காகத்தான்.

சின்ன மீட்டர்கள் தவிர ரெண்டு பெரியது இருக்கும். ஒன்று உள்ளே வருகிற அழுத்தம், இன்னொன்று வெளியே போகிற அழுத்தம். உள்ளே வருகிற பக்கத்து மீட்டர் கொஞ்சம் விசேஷமானது. குளத்தில் இருந்து உறிஞ்சும்போது வெற்றிடத்தையும் காட்ட வேண்டும் என்பதால், பூஜ்யத்துக்கு இடது பக்கமும் கொஞ்சம் அளவுக்கோடு இருக்கும். ஆகவே வண்டி சும்மா நிற்கும்போது அதன் முள் இடது ஓரத்தில் ஒட்டி நிற்காது, கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். மற்ற எல்லா முள்ளும் ஓரத்தில், பூஜ்யத்தில். நிறுத்தி வைத்த வண்டியில் மீட்டர் முள்ளெல்லாம் ஆளுக்கொரு திசையில் நிற்கிற மாடல்களைப் பார்த்திருக்கிறேன். அழகுக்காகச் செய்தது, ஆனால் எஞ்சினே ஓடாத வண்டியில் அழுத்தம் எங்கே இருந்து வரும்?

செய்முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. 6 அங்குல மீட்டர் 1/25-ல் 6 மில்லிமீட்டர், 3½ அங்குலம் என்றால் 3.6 மில்லிமீட்டர். நிஜ மீட்டர் முகத்தின் நேர்ப் போட்டோவை அந்த அளவுக்குச் சுருக்கி, பளபளப்பான போட்டோ தாளில் அச்சடித்து, தோல் வேலைக்கு உள்ள பஞ்சால் வெட்டி எடுக்கலாம். சுற்று வளையத்துக்கு அதே விட்டமுள்ள அலுமினியக் குழாயில் இருந்து ஒரு சீவல். மேலே ஒரு சொட்டு தெளிவான வார்னிஷ், அது கண்ணாடி. கைப்பிடிக்கு மெல்லிய கம்பி, அதன் நுனியில் குறுக்கே ஒரு துண்டு. ஒட்டும்போது எட்டுக் கைப்பிடியும் ஒரே அளவு வெளியே நிற்க வேண்டும்: இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும் என்கிற ரகம் இது. நிறுத்தி வைத்த வண்டியில் எல்லாம் உள்ளேதான் இருக்கும்.

வேலை செய்துகொண்டிருக்கிற வண்டியைக் காட்டுகிறீர்கள் என்றால் கதை மாறும். எந்த வாயில் ஹோஸ் மாட்டியிருக்கிறதோ அதன் கைப்பிடி வெளியே வர வேண்டும், அதன் முள் ஏற வேண்டும், பெரிய மீட்டர் முள் அதைவிடக் குறையாமல் நிற்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருக்க வேண்டும். இது நாலையும் சரியாகச் செய்த ஒரு மாடலில், ஆள் பொம்மை ஒன்றுகூட இல்லாமலேயே, இப்போதுதான் யாரோ இங்கே நின்றிருந்தார் என்று தோன்றும்.

ஹோஸ்: தட்டையும் உருண்டையும்

தண்ணி இல்லாத ஹோஸ் நாடா மாதிரி தட்டை. தண்ணி ஏறினால் உருண்டை, கம்பு மாதிரி விறைப்பு. ரெண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாது. தட்டை ஹோஸுக்கு ஒன்று, உருண்டை ஹோஸுக்கு ஒன்று என ரெண்டு வேறு பொருள் வேண்டும் என்பது இதனால்தான்.

2½ அங்குல ஹோஸைத் தட்டையாக்கினால் அகலம் சுமார் 10 சென்டிமீட்டர் வரும் (சுற்றளவில் பாதி). 1/25-ல் 4 மில்லிமீட்டர். தையல் கடையில் கிடைக்கிற 4 மில்லிமீட்டர் காட்டன் நாடா இதுக்குன்னே செய்த மாதிரி இருக்கும். பழைய வண்டி என்றால் டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்தால் பழுப்பேறிய பருத்தி ஹோஸ் கிடைத்துவிடும். நைலான் ரிப்பன் மட்டும் வேண்டாம். பளபளக்கும், மடித்த இடத்தில் உட்காராது.

தண்ணி ஏறிய ஹோஸுக்கு ரேடியோ மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சால்டர் ஈயக் கம்பிதான் சிறந்தது. ஆள் தூக்கிப் போகிற 1¾ அங்குல ஹோஸ் 1/25-ல் 1.8 மில்லிமீட்டர். இந்த அளவெல்லாம் உள்விட்டம் என்பதால் 2 மில்லிமீட்டர் கம்பி சரியாக இருக்கும். ஈயம் தன் எடையால் தரையோடு தரையாகப் படுக்கும், வளைத்த இடத்தில் நிற்கும். பிளாஸ்டிக் குழாய் துள்ளிக்கொண்டே இருக்கும், தரையில் இருந்து அரை மில்லிமீட்டர் எழும்பி நிற்கும், அந்த அரை மில்லிமீட்டரில் மொத்தக் காட்சியும் பொம்மை ஆகிவிடும். வளைவுகள் பெரிதாக இருக்கட்டும். அழுத்தம் ஏறின ஹோஸ் ஊசிமுனை மாதிரி மடங்காது.

வண்டியின் பின்பக்கத் தட்டில் மடித்து அடுக்கிய ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தரவிதி என்எஃப்பிஏ 1901 ஒரு பம்ப் வண்டியில் 2½ அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஹோஸ் குறைந்தது 800 அடி இருக்க வேண்டும் என்று கேட்டது. 1/25-ல் கிட்டத்தட்ட 10 மீட்டர் நாடா! யாரும் அவ்வளவு அடுக்க வேண்டாம். கீழே ஒரு மரக்கட்டையோ தெர்மாகோலோ வைத்து, மேல் ரெண்டு அடுக்கும் பின்னால் தெரிகிற மடிப்பு முனைகளும் மட்டும் நாடாவில் செய்தால் போதும். அமெரிக்க ஹோஸ் ஒரு துண்டு 50 அடி, மாடலில் 61 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு பித்தளை இணைப்பு வர வேண்டும். மடிப்பு முனைகளுக்கு நடுவே எங்கேயாவது ஒன்றிரண்டு பித்தளை மின்னினால் கண் நம்பிவிடும்.

பெயரிலேயே தண்ணிக் கணக்கு

ஜெர்மன் வண்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், பெயரைப் பார்த்தாலே வண்டி என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். ரெவெல் 1/24-ல் போட்ட மெர்சிடிஸ் டிஎல்எஃப் 24/50 என்றால் நிமிஷத்துக்கு 2,400 லிட்டர் இறைக்கும் பம்ப், 5,000 லிட்டர் தொட்டி. இட்டாலெரியின் 1/24 மாகிரஸ் ஏணி வண்டி டிஎல்கே 23-12 என்றால், 12 மீட்டர் தள்ளி நின்று 23 மீட்டர் உயரத்தை எட்டும் ஏணி. ஐசிஎம் 1/35-ல் கொண்டுவந்த சோவியத் வண்டியின் பெயரில் உள்ள 40, நொடிக்கு 40 லிட்டர்.

ஜெர்மன் பம்ப் வண்டியில் பம்ப் பெரும்பாலும் பின்புறம், சுருள் ஷட்டருக்கு உள்ளே. அமெரிக்க மாடல் கட்டிப் பழகியவர்கள் நடுவில் பேனலைத் தேடுவார்கள், அங்கே சாமான் அலமாரிதான் இருக்கும். இணைப்புகளும் வேற. அமெரிக்கச் சின்ன ஹோஸ்களில் மரையாணித் திருகு, ஒரு முனை ஆண், ஒரு முனை பெண். ஜெர்மனியில் ஸ்டோர்ஸ் இணைப்பு, ரெண்டு முனையும் ஒரே மாதிரி, கால்திருகில் பூட்டிக்கொள்ளும். ஏணி வண்டியிலோ பெரும்பாலும் சொந்தப் பம்பே கிடையாது. தண்ணி வேறு வண்டியில் இருந்து வந்து, ஏணி மேலேறி, கூடையில் உள்ள நாசிலுக்குப் போகணும். ஏணி வண்டி மாடலில் மேலே நாசிலை மட்டும் ஒட்டிவிட்டு, அங்கே வருகிற குழாயை மறந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் விஷயம்.

சிவப்பு

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக. சிவப்பு கீழே உள்ளதை மறைக்காத நிறம். சாம்பல் பிரைமர் மேலே அடித்தால் செங்கல் நிறமாக இறங்கும், வெள்ளை மேலே அடித்தால் எரியும், இளஞ்சிவப்பு மேலே அடித்தால் ஆழமாக வரும். கேபின் பட்டறையில் வெள்ளை, கதவு இளஞ்சிவப்பு என்று துண்டு துண்டாக பிரைமர் அடித்துவிட்டு, மேலே ஒரே டப்பாவில் இருந்து அடித்தாலும் ரெண்டு சிவப்புதான் கிடைக்கும். எல்லாத் துண்டுக்கும் ஒரே பிரைமர், ஒரே எண்ணிக்கை அடுக்கு. வெள்ளைக் கூரை இருந்தால் வெள்ளையை முதலில் அடித்து மறைத்துவிட்டு அப்புறம் சிவப்பு.

பழைய கிட்களில் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை. உள்ளே உள்ள சாயம் வெள்ளைப் பெயிண்ட் வழியாக மேலே கசிந்து, ரெண்டு மாதம் கழித்து உங்கள் வெள்ளைக் கூரையை ரோஸ் மில்க் ஆக்கிவிடும். முதலில் ஒரு வெள்ளி நிற அடுக்கு கொடுத்து அடைக்க வேண்டும். கிட்டோடு வருகிற குரோம் பாகங்கள் பிடிக்கவில்லை என்றால் வீட்டு பிளீச்சில் ஊறப்போட்டால் குரோம் கரைந்துவிடும்.

எல்லா ஊரும் சிவப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடணும். 1970-களில் அமெரிக்காவில் எலுமிச்சை மஞ்சள்தான் இருட்டில் நன்றாகத் தெரியும் என்று பல ஊர்கள் மாறின. பிறகு நிறையப் பேர் சிவப்புக்கே திரும்பினார்கள். மக்களுக்குத் தீயணைப்பு வண்டி என்றால் சிவப்புதான். அந்த மஞ்சள் வண்டியைக் கட்டுவதில் எனக்கு ஒரு தனி ஆசை. சிவப்பு வரிசை நடுவில் வைத்தால், அந்தக் காலத்து வாக்குவாதம் மொத்தமும் அலமாரியில் வந்து நிற்கும்.

எந்த வருஷத்து வண்டி

என்எஃப்பிஏ விதிகளின் 1991 பதிப்புக்கு அப்புறம் வந்த வண்டிகளில் எல்லா ஆளும் மூடிய கேபினுக்குள் உட்கார்ந்துதான் போகணும். அதற்கு முன்னால் பின்பலகையில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகவே 1970-களின் மாடலில் பின்புறக் குறுக்குக் கம்பியும் தேய்ந்த பின்பலகையும் முக்கியம். 2009 பதிப்பு பின்புறத்தில் பாதிக்காவது சிவப்பு, மஞ்சள் சாய்கோடுகள் வேண்டும் என்றது. கோட்டின் அகலம் 6 அங்குலம், மாடலில் 6 மில்லிமீட்டர், சாய்வு 45 டிகிரி. 1970-களின் வண்டியில் இந்தக் கோட்டை ஒட்டினால் ரெண்டு காலத்தைத் தைத்த மாதிரி ஆகும். ஆனால் பழைய வண்டிக்கு ஊர்க்காரர்களே பிற்காலத்தில் ஒட்டிய உதாரணங்களும் உண்டு, அதனால்தான் போட்டோ இல்லாமல் நகராதீர்கள் என்கிறேன்.

அழுக்கு எவ்வளவு?

டாங்கி கட்டிவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. துரு, சேறு, எண்ணெய்க் கறை எல்லாம் ஏற்றிவிடுவார்கள். ஸ்டேஷனில் இருக்கிற தீயணைப்பு வண்டி தினமும் துடைக்கப்படுகிற வண்டி. தேய்மானம் தெரியும், அழுக்கு தெரியாது. கால் வைக்கிற விளிம்பில் பெயிண்ட் போய் உலோகம் மின்னும், கைப்பிடிக் கம்பியில் பளபளப்பு ஏறியிருக்கும், ஏணி உரசுகிற இடத்தில் கோடு விழுந்திருக்கும். எல்லாம் கையும் காலும் பட்ட இடங்கள்.

இதில் ஒரு கனமான உதாரணம் உண்டு. கீவ் நகரத்து ஐசிஎம் கம்பெனி செர்னோபில் விபத்தை வைத்து ஒரு வரிசை கிட்கள் போட்டிருக்கிறது. அதில் ஒரு பெட்டியில் மேலே சொன்ன சோவியத் தீயணைப்பு வண்டியும் நாலு வீரர்களும் வருகிறார்கள். 1986 ஏப்ரல் 26 அதிகாலை அங்கே கூரைத் தீயை அணைக்க ஏறியவர்களில் ஆறு தீயணைப்பு வீரர்கள் அந்த மே மாதத்திலேயே கதிர்வீச்சு நோயால் இறந்துபோனார்கள். இந்தப் பெட்டியைக் கட்டிய சில மாடல்களில் வண்டி துருப்பிடித்து, பெயிண்ட் உரிந்து, இடிந்துபோய் நிற்கும். இணையத்தில் கிடைக்கிற போட்டோக்கள் அப்படி: பிற்காலத்தில் வெட்டவெளியில் கைவிடப்பட்டு, வருஷக்கணக்கில் மழை வாங்கிய வண்டிகள். அந்த ராத்திரி கிளம்பின வண்டி அப்படி இருந்திருக்காது. கழுவித் துடைத்து, தொட்டி நிரப்பி, ஷிஃப்ட்டுக்குத் தயாராக நின்ற சாதாரண சிவப்பு வெள்ளை வண்டி. அவர்களைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதைப் பெயிண்டில் காட்ட முடியாது. துருவை ஏற்றினால் பார்க்கிறவர், 'ஆமா, பயங்கரமான இடம்' என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சுத்தமான வண்டியை வைத்தால்தான் அவர்கள் எதை நினைத்துக்கொண்டு போனார்கள் என்பது தெரியும்: வழக்கமான ஒரு கூரைத் தீ. தரையில் நாடா மாதிரி கிடக்கிற ஒரு ஹோஸ், அதன் பக்கத்தில் தண்ணி ஏறின ஒரு ஹோஸ், திறந்த பம்ப் அறை. போதும்.

அழுக்கு இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. சக்கர வளைவுக்கு உட்புறம், சேஸிஸின் அடிப்பக்கம், டயரின் பக்கவாட்டில் லேசான தூசு, புகைபோக்கி வாயைச் சுற்றி மசி. பம்ப் வாய்களுக்குக் கீழே, தண்ணி வழிந்து காய்ந்த வெள்ளைத் தடம், மிக லேசாக.

பம்புக்கு நேர் கீழே இன்னொன்றும் உண்டு. பழைய பம்புகளில் சுழலும் தண்டைச் சுற்றிக் கயிறு மாதிரி ஒரு அடைப்பு வைத்திருப்பார்கள். அது சூடேறாமல் இருக்க, பம்ப் ஓடும்போது அதன் வழியாகத் தண்ணி சொட்டு சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். கசிவை ஒரேயடியாக நிறுத்த இறுக்கினால் அடைப்பு கருகிவிடும். ஆகவே வேலை செய்துகொண்டிருக்கிற 1970-களின் வண்டி என்றால், நடுவில், வண்டிக்கு அடியில், தரை கொஞ்சம் நனைந்திருக்கும். மெக்கானிக்கல் சீல் போட்ட புதிய பம்ப் என்றால் அந்தச் சொட்டு இருக்காது. தரைப் பலகையில் சாலை நிறத்தை ஒரு சுற்று அடர்த்தியாக்கி, அதன் மேல் தெளிவான வார்னிஷ் ஒரு கைவிரல் நகம் அளவுக்கு. வண்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.